எந்த விறைப்பு?

முதலில் காணாமல் போனது வலது காலின் பெருவிரல். ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையும் சேர்ந்து கழன்றுவிட்டதா, காலிலேயே இருக்கிறதா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் காலில் இருக்கிறது என்று அறிந்தேன்.

சுவிஸ் நாட்டின் பாசல் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்பவள் நான். எட்டு மணித்தியாலம் நின்ற கால் விறைக்காமல் பின்னே பாட்டா பாடும் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் எனக்குக் கடுமையான வயிற்றோட்டம் வந்திருந்தது. அந்தக் களைப்பாக இருக்கும் என்றும் நினைத்தேன். எங்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கவா தெரியாது?

இதே நோய் வந்து, எழும்ப முடியாமல், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். நான் அப்படிப் படுத்திருந்தபோது தமிழில் வாசிக்க ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் நல்லெண்ணெய் பூசச் சொன்ன வட்ஸ்அப் தகவல்கள்தான். பூச விரும்பியவர்களுக்கு நான் தடையில்லை. ஆனால் முதலில் வைத்தியரிடம் போங்கள்.

நாங்கள் சனிக்கிழமை போனோம். அதற்குள் இரண்டு பாதமும் விறைத்து, விரல் நுனிகளும் தொடங்கியிருந்தன. மகள் ஆரணி கூட வந்தாள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. எட்டு வயதிலிருந்து எங்களுக்கு மொழிபெயர்ப்பது அவள்தான். விசா அலுவலகம், பல் வைத்தியர், வீட்டுக்காரர், எல்லா இடத்திலும் அவள் வாயால்தான் நாங்கள் பேசினோம். எனக்கும் டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியும். முதியவர்களைக் குளிப்பாட்டும் அளவுக்கும், சண்டை பிடிக்கும் அளவுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் பயம் வந்தால் மனிதரை விட்டு முதலில் ஓடிப்போவது இரண்டாம் மொழிதான்.

"கால் விறைக்குது பிள்ளை. ரெண்டு நாளா விறைக்குது. இப்ப கையும் விறைக்குது எண்டு சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். நாடி பார்த்தார், இரத்தம் எடுத்தார், இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார். எல்லாம் சரி, களைப்பும் இரத்த ஓட்டக் குறைவுமாக இருக்கலாம், காலைச் சூடாக வைத்திருங்கள், சுடுநீரில் பாதத்தை வையுங்கள், கூடினால் உடனே வாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் 'விறைக்குது' என்றால் இரண்டு பொருள். உணர்வு செத்துப் போவதும் விறைப்புத்தான், குளிரில் உடம்பு நடுங்குவதும் விறைப்புத்தான். ஊரில் முதலாவதைத்தான் அதிகம் சொல்வோம். சம்மணம் கட்டி இருந்து எழும்பினால் கால் விறைக்கும். ஆனால் ஆரணி அந்தச் சொல்லை வாழ்நாளில் கேட்டதெல்லாம் பனிக்காலத்தில், என் வாயிலிருந்து. விறைக்கும், தொப்பியைப் போடு. விறைக்கும், யன்னலைச் சாத்து. அவளுக்கு விறைப்பு என்றால் குளிர். அவள் வைத்தியரிடம் சொன்னது, அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காலும் கையும் குளிருகிறது என்பது.

'கல்ட்' என்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. டொச்சில் அதற்குக் குளிர் என்று பொருள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இதை நான் நெடுநாள் யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு மத்தியானம். இவர், என் கணவர், ஓர் உணவகத்தில் சமையல்காரர், அன்று விடுமுறை. வைத்தியர் சொன்னபடி வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் காலை உள்ளே வைத்தார். போதுமோ என்று கேட்டார். இன்னும் ஊற்றுங்கள், சூடே இல்லை என்றேன். கேத்திலில் இருந்ததையும் ஊற்றினார். இன்னும் என்றேன். சந்தேகம் வந்து தன் கையை உள்ளே விட்டவர் அலறிக்கொண்டு இழுத்தார்.

"என்ன இது, கொதிக்குதெல்லோ!"

என் பாதங்கள் அவித்த நண்டு மாதிரிச் சிவந்திருந்தன. காலை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. இவர்தான் இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். துவாயோடு வாசலில் நின்ற ஆரணிக்கு எங்கள் இருவருக்கும் முன்பே விளங்கிவிட்டது. அவளுடைய முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"அம்மா, விறைக்குது எண்டால்... குளிர் இல்லையோ?" என்றாள்.

அதன் பிறகு இருபத்தொரு மாதம் அவள் என்னோடு தமிழில் பேசவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. இந்த முறை நடைபாதையில் காத்திருக்க விடவில்லை, நேரே உள்ளே கொண்டுபோனார்கள். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார்கள், கால் துள்ளவில்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் (மூளையையும் முதுகு நரம்பையும் சுற்றியிருக்கும் நீர்) எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை (சிறு மின்சாரம் கொடுத்து நரம்பு எவ்வளவு விரைவாகச் செய்தி கொண்டுபோகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். மாலைக்குள் பெயர் தெரிந்துவிட்டது. கியான் பாரே நோய். கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய உடம்பின் காவற்படை, ஆள் மாறி, சொந்த நரம்புகளின் உறையையே தின்னத் தொடங்குவது. வயிற்றோட்டத்துக்குப் பிறகு சிலருக்கு வருமாம்.

நரம்பியல் வைத்தியர் நரைத்த கட்டை முடியுள்ள ஒரு பெண். விளக்கிச் சொல்வதற்கு ஆரணியைக் கூப்பிட்டார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, தான் மொழிபெயர்க்க மாட்டேன், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று டொச்சில் சொன்னாள். அப்படியே செய்தார்கள். வந்த அம்மா நல்லவர். உணர்விழப்பு, மதமதப்பு என்று எடுத்துப் பிரித்துப் பிரித்துக் கேட்டார். ஆரணி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பலர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) இரத்த நாளம் வழியாக ஏறியது. அதற்கிடையிலும் நோய் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. கால் இடுப்புவரை போனது, கை முழங்கைவரை போனது. சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நெஞ்சுத் தசைக்கு ஏறினால் சுவாச இயந்திரம் வைக்க வேண்டும். ஊதும்போது இவர் பக்கத்தில் நின்று தானும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவார். எனக்குச் சிரிப்பு வரும், சிரிக்கக் கன்னம் ஒத்துழைக்காது. ஏழாம் நாள் ஏறுவது நின்றது. நெஞ்சைத் தொடவில்லை.

பதினேழு வருடம் எத்தனை பேரைக் கட்டிலில் புரட்டியிருப்பேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. எனக்கு அது வேலை. என்னை ஒருவர் புரட்டியபோதுதான் கை குளிராக இருந்தால் எப்படி இருக்கும், சொல்லாமல் புரட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. தோளுக்கு உணர்வு இருந்ததே! ஒரு தாதி ஒவ்வொரு முறையும் தன் கைகளை உரசிச் சூடாக்கிவிட்டுத்தான் தொடுவாள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

மூன்றாம் கிழமை இடது பெருவிரல் அசைந்தது. அசைந்தது எனக்குத் தெரியாது, பார்த்தவர் இவர்தான். கண் கலங்கிப்போய், அந்த மகிழ்ச்சியில் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். மரியாஸ்டைன் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாராம். நான் குணமானால் ஏஷ் ஊரின் திராட்சைத் தோட்டத்திலிருந்து காடு தாண்டிக் கோவில்வரை வெறுங்காலோடு நடப்பேனாம்.

மரியாஸ்டைன் எங்கள் பக்கத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த கோவில். சைவக்காரரும் போவோம். கற்குகைக்குள் மாதா இருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் கார் வைத்தோ மஞ்சள் பஸ் ஏறியோ போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார்கள். எனக்கு மட்டும் நடை!

"வாய் உங்கட, கால் என்ரயோ?" என்றேன். "அதோட, மாதாவுக்கு ஏன்? முருகனுக்கு வைச்சிருக்கலாமெல்லோ?"

"வைச்சிருப்பன். முருகனுக்கு இந்த ஆஸ்பத்திரி விலாசம் தெரியுமோ எண்டு யோசிச்சன். மாதா இஞ்சத்தை ஆள்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். எழும்பி இருக்கவே இரண்டு பேர் வேண்டிய ஒருத்தியின் காலை இவர் அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் அந்தக் கட்டிலில் என்னை நடக்கிறவளாக நினைத்த ஒரே ஆளும் இவர்தான். அதை நினைத்து அன்று அழுதேன்.

பிறகு மறுவாழ்வு நிலையம். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, இரண்டு தடி, ஒரு தடி என்று மாதங்கள் போயின. நரம்பு மெதுவாக வளரும் சாமான், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே நல்லது என்று நரம்பியல் வைத்தியர் சொன்னார். நான் இடுப்பிலிருந்து பாதம்வரை கையால் அளந்து பார்த்தேன். பிறகு அளக்காமல் விட்டேன். நீங்களும் அளக்காதீர்கள்.

நடை வந்தது, உணர்வு வரவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அறியும் உணர்வு ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. இருக்கும்வரை அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. எனக்கு அது போய்விட்டது. கண்ணால் பார்த்தால்தான் கால் சரியாக விழும். விளக்கை அணைத்தால் நின்ற இடத்திலேயே ஆடுவேன்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் வைத்தியர் ஓர் உலோகத் தண்டைப் பாதத்தில் வைத்து, என் கண்களை மூடச் சொல்லி, குளிரா சூடா என்று கேட்பார். உலோகம் குளிராகத்தானே இருக்கும்! 'கல்ட்' என்று சொல்லிவிடுவேன். நல்ல முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டார். மூன்றாவது முறை அவர் அதைச் சுடுநீரில் வைத்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நான் வழக்கம்போல 'கல்ட்' என்றேன். கண்ணைத் திறந்தால் வைத்தியர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பொய் சொன்னால் உங்கள் கால்தான் ஏமாறும் என்றார். உணர்வு வரும்வரை வெறுங்காலோடு ஓரடியும் நடக்கக்கூடாது, கல்லோ கண்ணாடியோ குத்தினால் தெரியாது, புண் பழுத்துவிடும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

ஆரணி எல்லாவற்றுக்கும் கூட வந்தாள். சமைத்தாள், என் தலையை வாரினாள், பாதத்தில் புண் இருக்கிறதா என்று ஒவ்வொரு மாலையும் பார்த்தாள். டொச்சில்தான் பேசினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டொச்சில் பதில் சொல்வாள். வைத்தியரிடம் தனியாகப் போய், ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டிருக்கிறாள். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, ஆனால் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது என்று அவர் உண்மையைச் சொன்னார். அவள் இரண்டாவது பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஒருமுறை ஏன் தமிழ் பேசுவதில்லை என்று நேரடியாகக் கேட்டேன். தன்னுடைய தமிழ் பழுதான சாமான், அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். எனக்குக் கால் போனதை விட அது நொந்தது. அன்று 'கல்ட்' என் காதிலும் விழுந்ததை அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த வருட ஒக்டோபரில் வைத்தியர் நடையை அனுமதித்தார். நல்ல சப்பாத்து, தடி, நினைத்த இடத்தில் நிறுத்தும் மனம் என்று மூன்று நிபந்தனை. வெறுங்கால் கூடவே கூடாது. இவர் மாதாவோடு பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். பாதைக்குச் சப்பாத்து, கோவில் படிக்கு மட்டும் வெறுங்கால் என்று உடன்படிக்கையாம்.

ஏஷ் ஊருக்குப் பதினோராம் இலக்க டிராமில் போய் இறங்கினோம். ஆரோக்கியமானவர் மூன்று மணித்தியாலத்தில் நடக்கும் தூரம். நாங்கள் காலை எட்டரைக்குத் தொடங்கினோம். இவர் முதுகில் ஒரு மடக்குக் கதிரையைக் கட்டியிருந்தார். நான் எங்கே நின்றாலும் அதை விரித்து என்னை உட்கார வைப்பார். எதிரே வந்தவர்கள் மீன் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

திராட்சைத் தோட்டத்துக்குள் பாதை அகலமாக, வெயிலாக இருந்தது. இலைகள் மஞ்சளாகிவிட்டன. சில வரிசைகளில் இன்னும் நீல வலை போர்த்தியிருந்தார்கள். வெட்டி முடித்த கொடிகளில் தப்பிப்போன சிறு குலைகள் தொங்கின. நான் அதிகம் பார்க்கவில்லை, என் கண்ணுக்குக் காலில் வேலை இருந்தது. நின்றபோது மட்டும்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்தபோதெல்லாம் மலை அழகாக இருந்தது.

சில கம்பங்களில் சிப்பி அடையாளம் ஒட்டியிருந்தது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் யாகப்பர் என்று சொல்லும் புனிதரின் கல்லறைக்கு ஸ்பெயின்வரை நடந்துபோகிறவர்களுக்கான அடையாளம் அது. இவர் அதை மட்டி (எங்கள் பேச்சில் சிப்பியும் மட்டிதான், மடையனும் மட்டிதான்) என்றார். மட்டி காட்டும் பக்கம் போவோம் என்று முன்னால் போய், ஒரு தோட்டக்காரரின் கொட்டிலுக்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டார். மட்டியை நம்பினால் இப்படித்தான் என்றேன். எந்த மட்டியைச் சொல்கிறீர் என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். ஆரணியும் சிரித்தாள்.

எட்டிங்கன் ஊருக்கு வந்தபோது பதினொன்றரை. என் தொடைகள் நடுங்கின. இதுவரை வந்தது இலகுவான பாதி, இனித்தான் காடும் ஏற்றமும். அங்கே டிராம் தரிப்பிடம் இருக்கிறது. பத்தாம் இலக்கம் ஏறினால் பிறகு மஞ்சள் பஸ், கோவில் வாசலில் இறங்கலாம். நான் டிராமைப் பார்ப்பதை இவர் பார்த்துவிட்டார்.

"நீர் ஏறுமன். மாதாவிட்ட நான் கதைக்கிறன்" என்றார்.

பகிடி இல்லாமல் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன், ஒரு கோப்பி வாங்கிவாருங்கள் என்று அனுப்பினேன். ஆரணியும் நானும் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்த அவள் தலையைப் பார்த்தபோது இனியும் தள்ளிப்போட முடியாது என்று பட்டது.

"பிள்ளை, அண்டைக்கு ஆஸ்பத்திரியில நீ கல்ட் எண்டு சொன்னது எனக்கும் கேட்டது."

அவள் நிமிர்ந்தாள்.

"கேட்டது. வெளியில கொட்டுற பனியைப் பற்றிக் கதைக்கிறியள் எண்டு நினைச்சு விட்டிட்டன். திருத்தியிருக்கலாம், திருத்தேல்லை. இவ்வளவு நாளும் சொல்லவுமில்லை. வெக்கமா இருந்தது."

கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்தொரு மாதம், இருபத்தொரு மாதம் என்று டொச்சில் இரண்டு தரம் சொன்னாள். தான் படுக்கப் போகும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு படுத்ததாகச் சொன்னாள். எழும்பித் தடதடவென்று நடக்கத் தொடங்கினாள். டிராம் பக்கம் போகவில்லை, காட்டுப் பக்கம் போனாள்.

நான் என்ன செய்வது? தடியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கோப்பியோடு வந்த இவர், என்ன நடந்தது என்று கேட்டபடி கதிரையையும் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். இன்று யோசித்தால், அந்த ஏற்றத்தை நான் ஏறியது அவளுடைய கோபத்தால்தான்.

காட்டுக்குள் நான் நின்றுவிட்டேன். பீச் மரங்கள் இலையெல்லாம் கொட்டி, பாதை முழுக்கச் செம்மண்ணிறப் போர்வை. எது தரை, எது பள்ளம், எது வேர் என்று தெரியவில்லை. எனக்குக் கண்தானே கால்? ஓரடி வைத்தேன், தடுமாறி ஒரு மரத்தைப் பிடித்தேன். இன்னோர் அடி வைக்கத் துணிவில்லை. மேலே இருபது அடி தூரத்தில் ஆரணி திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

எனக்கு முன்னால் நின்று, தன் சப்பாத்தால் இலைகளை இரண்டு பக்கமும் தள்ளினாள். நிலம் தெரிந்தது. நான் ஓரடி வைத்தேன். அவள் பின்பக்கமாக ஏறிக்கொண்டே தள்ளினாள். வேர் வந்தால் 'வூர்ட்ஸெல்' என்றாள், கல் வந்தால் 'ஸ்டைன்' என்றாள். குரலில் கோபம் இன்னும் இருந்தது. இப்படி ஒரு ஐம்பது அடி போயிருப்போம்.

"வூர்ட்ஸெல் தமிழில என்ன?" என்று கேட்டாள்.

"வேர்."

அதற்குப் பிறகு "வேர்" என்பாள். நான் தடியை ஊன்றி அதைத் தாண்டுவேன். "கல்லு." "வேர்." "பெரிய வேர்." சறுக்குகிற இடத்துக்குச் சொல் தெரியாமல் கையால் காட்டினாள். சறுக்கும் என்று இவர் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். காடு முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. எங்களைத் தாண்டிப் போன ஒரு வயதான சோடி, நாங்கள் ஏதோ செபம் சொல்வதாக நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

மேட்டில் புல்வெளி, பிறகு ஹோப்ஸ்டெற்றன் ஊர், பிறகு தூரத்தில் கோவில் மணிக்கோபுரம். மரியாஸ்டைனுக்குப் போய்ச் சேர மாலை நாலு மணி. இடையில் ஒன்பது தரமோ பத்துத் தரமோ கதிரை விரிந்தது.

மாதா இருப்பது நிலத்துக்குக் கீழே, குகையில். அங்கே போக ஐம்பதுக்கு மேற்பட்ட கற்படிகள் இறங்க வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் குணமானவர்கள் பதித்த நன்றிக் கற்கள். பல மொழிகள், நடுவே தமிழும் இருக்கிறது. இந்த ஊர்க்காரர் சப்பாத்தோடு இறங்குவார்கள். நாங்கள் எங்கள் பழக்கப்படி மேலேயே கழற்றினோம். படிகளைக் கூட்டியிருக்கிறார்கள், கண்ணாடி கல் எதுவும் இல்லை என்று ஆரணி முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு எனக்கு முன்னால், என்னைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு இறங்கினாள். இவர் என் சப்பாத்துகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு படி, இன்னொரு படி, பஞ்சில் நடப்பது போல. பாதி வழியில், நூற்றாண்டுகளாக மிதித்துக் குழிந்த ஒரு படியில் இடது காலை வைத்தேன்.

"விறைக்குது" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது.

ஆரணி நின்றுவிட்டாள். அவள் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன.

"எந்த விறைப்பு, அம்மா?"

நான் ஏற்கெனவே ஒருமுறை களவு செய்து பிடிபட்டவள். கண்ணை மூடினேன். பாதத்தைக் குழியிலிருந்து படியின் ஓரத்துக்கு நகர்த்தினேன், திரும்பக் குழிக்குக் கொண்டுவந்தேன். குதிகாலில் ஒன்றுமில்லை. ஆனால் பெருவிரலின் கீழே, ஒரு சதக் காசளவு இடத்தில், அது இருந்தது.

"குளிர். கல்லு குளிருது, பிள்ளை."

அவள் அந்தப் படியிலேயே குந்தி, என் பாதத்துக்குப் பக்கத்தில் தன் உள்ளங்கையைக் கல்லில் வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவளுடைய அப்பா வாளிக்குள் கை விட்டது எனக்கு நினைவு வந்தது.

"ஓம், குளிருதுதான்" என்றாள். பிறகு நெற்றியை என் முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதாள். பின்னால் வந்தவர்கள் அவசரமில்லாமல் நின்றார்கள்.

கீழே போய் மெழுகுதிரி கொளுத்தினோம். இவர் மாதாவுக்கு டொச்சில் நன்றி சொன்னார்.

வெறுங்காலோடு படி இறங்கியதை அடுத்த பரிசோதனையில் வைத்தியரிடம் ஒப்புக்கொண்டேன், ஏச்சும் வாங்கினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பிறகு அவர் தண்டை எடுத்து வைத்தார். இடது பெருவிரலில் மட்டும் சரியாகச் சொன்னேன், மற்ற இடங்களில் தெரியாது என்றேன். இதுதான் எனக்குப் பிடித்த பதில் என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

நான் இப்போது அரை நாள் வேலைக்குப் போகிறேன். இடது பாதம் முழுக்கத் திரும்பிவிட்டது. வலது சின்னவிரல் இன்னும் வந்து சேரவில்லை. அது எங்கேயோ வழியில் வருகிறது, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம். முன்பு டிராம் இரண்டு நிமிடம் பிந்தினால் கடிகாரத்தைப் பார்த்துப் பொருமுகிறவள் நான். இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் மணி பார்ப்பதில்லை. காலுறை போடாத பாதங்களைத் தரையில் வைத்து, ஒரு நிமிடம் அப்படியே இருக்கிறேன்.

சமையலறையில் இருந்து ஆரணி கேட்பாள், விறைக்குதோ என்று. ஓம், விறைக்குது என்பேன்.

"எந்த விறைப்பு?"

"நல்ல விறைப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் காலுறையைத் தேடுவேன்.